உறுமல் கேக்குதா

ஸ்பீக்கர் வயர மாட்டினேனா, மாட்டலையா. பிடுங்கினது ஞாபகம் இருக்கு. அல்லேலூயா முடிஞ்ச கையோட ஜெரால்டு குனிஞ்சு வந்து, "மாமா, மேல ஃபேன் ஓடல, நின்னு சுத்துற ஃபேன் ஒண்ணு கொண்டாந்திருக்கேன், உங்க ஸ்பீக்கர் பெட்டிய ஒரு முழம் பின்னால தள்ளிருவோமா"ன்னான். சரின்னேன். ஜெரால்டு என் அக்கா மகன், இந்தக் கோயில் பாட்டுக் குழுவுக்கு அவன்தான் தலைவன், கீபோர்டும் அவன்தான். நான் கஸ்பார், பேஸ் கித்தார், அடிச்சத்தத்துக்கு உள்ள கித்தார், முப்பத்திநாலு வருஷமா. சத்தத்தப் பெருக்குற, கண்ணாடி வால்வு இருக்கிற தலைப்பெட்டி ஸ்டூல் மேல, ஸ்பீக்கர் பெட்டி தரையில, ரெண்டுக்கும் நடுவுல ஒரு வயர். வயர் பெட்டிக்கு அடியில சிக்கிக்கிடும், அதனால பெட்டிய நகத்தணும்னா பிடுங்கித்தான் ஆகணும். முதல்ல ஸ்டாண்ட்பை சுவிட்ச அமத்தினேன், வால்வு சூடா இருக்கும், சத்தம் மட்டும் வராது, பொறவு பிடுங்கினேன், பிடுங்கும்போது கைக்கு வர்ற அந்தச் சின்ன இழுப்பு இன்னும் விரல்ல இருக்கு. முக்காவாசி தள்ளிட்டு, வயரைச் செருகிட்டு, மிச்சத்தத் தள்ளணும். அதுதான் முறை. தள்ளினோம், அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பெட்டி சுவரோட போயி ஒட்டி நின்னுட்டு. அதுக்குள்ள பங்குச் சாமியார் இஞ்ஞாசி சாமி நற்செய்தி வாசிக்க வந்துட்டாரு, எண்ணூறு பேரு அசையாம நிக்காங்க, நானும் ஓடி வந்து என் எடத்துல நின்னேன். முக்காவாசியில நின்னோமா? செருகினேனா? இப்ப பிரசங்கம் ஆரம்பிச்சாச்சு. எல்லாரும் உக்காந்தாச்சு. சவம், ஞாபகத்துல அந்த எடத்துல மட்டும் ஓட்டை.

இங்க இருந்து பாத்தா வயர் தலைப்பெட்டி முதுகுல இருந்து கிளம்பி, பெட்டிக்குப் பின்னால போறது தெரியுது. அங்க போயி ஓட்டைக்குள்ள இருக்கா, இல்ல தரையில கெடக்கான்னு தெரியல. நாலு விரல் எடம் கூட இல்ல சுவருக்கும் பெட்டிக்கும். சாதாரண டிரான்சிஸ்டர் பெட்டின்னா போகட்டும்னு விட்டிருவேன், ஸ்பீக்கர் மாட்டலேன்னா அது சத்தம் போடாம சும்மா கெடக்கும், அவ்வளவுதான். வால்வு அப்படி இல்ல. வால்வுக்கு உண்டாக்கின பலத்த எங்கயாவது கொண்டு கொட்டணும். ஸ்பீக்கர் இல்லாம ஓங்கி ஒரு நோட்டு அடிச்சா அவ்வளவு பலமும் திரும்பி டிரான்ஸ்பார்மருக்குள்ளயே பாயும், உள்ள சுத்தியிருக்கிற கம்பி கருகிப் போகும். ஒரு பாட்டு தாங்குனாலும் தாங்கும், ஒரு நோட்டுலயே போனாலும் போகும். சும்மா ஆன் பண்ணி வச்சா ஒண்ணும் ஆகாது, அடிச்சாத்தான் வினை. போனா போனதுதான், அந்த டிரான்ஸ்பார்மர் சுத்தின கம்பெனியே இப்ப இல்ல. மாலுமிகள் கிளப் இழுத்து மூடினப்ப அவங்க தூக்கிப் போட இருந்த பெட்டி இது. நான் அப்ப ஹார்பர்ல டாலி கிளார்க்கு, கப்பல்ல ஏறுற மூட்டை இறங்குற மூட்டை எண்ணுறவன். நானும் ரெண்டு லோடுமேனும் தள்ளுவண்டியில வச்சு பீச் ரோடு வழியா வீட்டுக்கு இழுத்துட்டு வந்தோம். எதுத்தாப்புல வந்த என் பொண்டாட்டி ஆக்னஸ், அப்ப கல்யாணம் ஆகி மூணு மாசம், "இது என்ன, சவப்பெட்டியா?"ன்னு கேட்டா. அன்னைக்கு சாயங்காலமே மாட்டி முதல் நோட்டு அடிச்சேன், சுவத்துல தொங்கின காலண்டர் ஆணியோட விழுந்துச்சு. அவ சிரிச்சா. எனக்கு அழுகை வந்துட்டு.

உறுமல் கேட்டா போதும். அதுதான் இதுல ஒரே சோதனை. ஸ்டாண்ட்பைய எடுத்து விட்டா, வயர் மாட்டியிருந்தா ஸ்பீக்கர்ல லேசா ஒரு உறுமல் வரும், அடித்தொண்டையில யாரோ முணங்குற மாதிரி. மாட்டலேன்னா வராது. சின்னப் பிள்ளைகூட கேட்டுச் சொல்லிரும். முப்பத்திரெண்டு வருஷம் அப்படித்தான், சுவிட்ச தட்டுவேன், உறுமும், சரி வாலேன்னு கித்தார எடுப்பேன். ரெண்டு வருஷமா எனக்கு அது கேக்கல. எனக்குக் காது போச்சு. யாருக்கும் தெரியாது. ஜெரால்டுக்குத் தெரியாது, ஆக்னஸுக்குத் தெரியாது, சாமிக்குத் தெரியாது. பென்ஷன் ஆபீசுக்குப் போறேன்னு சொல்லிட்டு திருநெல்வேலிக்குப் போயி தனியா டாக்டரைப் பாத்துட்டு வந்தவன் நான். காதுக்குள்ள அரிசி மணியவிடச் சின்னதா ஒரு எலும்பு இருக்காம், சத்தத்துக்குத் தக்கன அது ஆடணுமாம், எனக்கு இறுகிப் போயி நிக்காம். அதுவும் பாருங்க, எல்லாச் சத்தமும் போகல. கரண்டி கீழ விழுந்தா கேக்கு, சைக்கிள் மணி கேக்கு, ஆட்டோக்காரன் பிரேக் போட்டா கேக்கு. அடிச்சத்தம்தான் போச்சு. கனமான சத்தம் எல்லாம் ஒண்ணொண்ணா எறங்கிப் போச்சு. கப்பல் சங்கு ஊதுறது வீட்டு மொட்டை மாடிக்கே கேக்கும், நாப்பது வருஷம் அதைக் கேட்டுத்தான் மணி பாத்தேன், இப்ப ஆளுங்க கையக் காட்டி "கப்பல் வந்துட்டு போல"ன்னு சொன்னாத்தான் எனக்குத் தெரியும். மத்தவனுக்கு எதுவேணா போயிருக்கலாம். பேஸ் வாசிக்கிறவனுக்கு அடிச்சத்தம் போகுமா? கர்த்தர் ஆளைப் பாத்துத்தான் எடுத்திருக்காரு.

இஞ்ஞாசி சாமிக்கு கனத்த குரல். அதனால எனக்கு அவரு பிரசங்கத்துல 'ச்' 'ஸ்' 'ட்' மட்டும்தான் வருது. இயேசுவுல 'சு' வருது. நடுவுல உள்ளதெல்லாம் நானே போட்டுக்கிடணும். இன்னைக்கு என்னத்தப் பத்திப் பேசுறாருன்னு தெரியல, கை ரெண்டையும் விரிச்சு விரிச்சு மூடுதாரு, வலையா, கதவா, தெரியல. சனங்க சிரிச்சா நானும் சிரிக்கேன். ஆக்னஸ் குரல் மட்டும் தப்பிச்சுது, அவளுக்கு உச்சக்குரல், சோப்ரானோ வரிசையில முதல் ஆளு, வீட்டுல அடுப்படியில இருந்து "உப்புப் பாத்தீங்களா"ன்னா வாசல்ல நிக்கிற எனக்குத் தெளிவாக் கேக்கு. அதனாலதான் அவளுக்கு இத்தனை நாளும் சந்தேகமே வரல. அவ சொல்றதுக்கு எல்லாம் நான் சரியாத்தான் பதில் சொல்றேன், பிறகு எப்படி வரும். ஆம்பளைங்ககிட்டத்தான் மாட்டிக்கிடுவேன். போன வருஷம் பங்குப் பேரவைக் கூட்டத்துல உபதேசியார் என்னைப் பாத்து என்னமோ கேட்டாரு, எல்லாரும் என்னையப் பாத்தாங்க, நான் தலையாட்டினேன், கை தட்டினாங்க. வெளிய வந்து பாத்தா கல்லறைக் கமிட்டிக்கு நான் தலைவராம். இப்ப வரைக்கும் மாசம் ரெண்டு தடவ குழிமேட்டுல புல்லு வெட்டுறவன்கிட்ட சண்டை போட்டுக்கிட்டுத் திரியுறேன். சிரிப்பா இருக்கு, ஆனா ராத்திரி படுத்தா சிரிப்பா இல்ல. அடுத்த தலையாட்டலுக்கு என்னத்துக்கு ஒத்துக்கிடுவேனோன்னு இருக்கு.

டாக்டர் ஒரு இரும்புக் கவட்டை வச்சிருந்தாரு, கித்தாருக்கு சுதி பாக்கிற அதே கவட்டை. தட்டிக் காதுக்கு நேர பிடிச்சாரு, ஒண்ணும் இல்ல. அதே கவட்டையக் காதுக்குப் பின்னால எலும்புல ஊண்டினாரு பாருங்க, மண்டைக்குள்ள கோயில் மணி அடிச்ச மாதிரி கேட்டுச்சு. நான் துள்ளி எழும்பிட்டேன். "எலும்பு வழியாப் போற சத்தம் உங்களுக்கு நல்லாவே கேக்கு, காத்து வழியா வர்றதுதான் தடை"ன்னாரு. ஆபரேஷன் இருக்காம், நல்லபடியா முடிஞ்சா கேக்குமாம், சில பேருக்கு இருக்கிற காதும் போயிருமாம். அந்த சில பேரு யாருன்னு அவருக்கும் தெரியாது. சரி யோசிச்சுச் சொல்றேன்னு வந்துட்டேன், இன்னும் யோசிச்சுட்டே இருக்கேன். பஸ்ஸுல வரும்போதே எனக்கு விளங்கிட்டு, ஞாயித்துக்கிழமை கோயில்ல மட்டும் எனக்கு ஏன் எல்லாம் சரியா இருக்குன்னு. இந்த மேடை பழைய தேக்குப் பலகை. என் பெட்டி அது மேல நிக்கு. நான் கீழ் நரம்பத் தட்டினா பலகை வழியா ஏறி குதிங்காலுக்கு வருது, முழங்காலு, இடுப்பு, முதுகுத்தண்டு, தாடை வரைக்கும். சுதி பாக்கணும்னா கித்தாரோட கொம்பத் தாடையில வச்சுக்கிடுவேன், பாக்கிறவன் சாமி கும்பிடுறான்னு நினைப்பான். ரெண்டு வருஷமா நான் குதிங்கால்லதான் கேக்கேன். ஒரு பூசையில கூட தப்பு விட்டதில்ல.

அதுக்குத்தான் இப்ப ஜெரால்டு உலை வைக்கான். பாவம், அவனுக்குத் தெரியாது. பெங்களூர்ல இருந்து ஒரு சின்னப் பெட்டி வாங்கிட்டு வந்தான், ஜெபப் புத்தகம் அளவுதான் இருக்கும். "மாமா, இதுக்குள்ள நாப்பது பழைய வால்வு ஆம்போட சத்தம் இருக்கு, உங்களோடதும் இருக்கும், நேரா மிக்சருக்குப் போயிரும், காதுல சின்ன இயர்போன் மாட்டிக்கிடுங்க, மேடையில ஒரு சத்தமும் வேண்டாம்"ன்னான். ரிகர்சல்ல போட்டுப் பாத்தோம். பொய் சொல்லப்படாது, எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க, வித்தியாசமே தெரியலையாம். எனக்குக் காதுக்குள்ள அவன் கீபோர்டு ஊசி குத்துற மாதிரி குத்துச்சு, என் நரம்பு இருக்கிற எடத்துல ஒண்ணும் இல்ல. பலகை செத்துக் கெடந்துச்சு. வாசிக்கிறேனா இல்லையான்னே தெரியாம ஒரு முழுப் பாட்டுக்கும் விரலை அசைச்சுட்டு உக்காந்திருந்தேன். முடிஞ்சதும் எழும்பிப் பிரசங்கம் வச்சேன் பாருங்க, இஞ்ஞாசி சாமி தோத்தாரு. "ஏல, வால்வுன்னா சூடுல, உயிருல. மெதுவாத் தட்டினா மெதுவாப் பேசும், ஓங்கி அடிச்சா முதல்ல ஒரு மூச்சு உள்ள வாங்கிட்டுப் பிறகு எழும்பும், உன் டப்பா மூச்சு வாங்குமா? ஓவராப் போனா இது வீங்கும், உன்னோடது கிழியும்"னேன். கொச்சியில இருந்து இந்தப் பெட்டிய விலைக்குக் கேட்டு ஒருத்தன் வந்தான், அவன் சொன்ன அத்தனை வார்த்தையும் எடுத்து விட்டேன். ஜெரால்டு தலையச் சொறிஞ்சுக்கிட்டு, "சரி மாமா, சரி"ன்னான். நான் சொன்னது அத்தனையும் நெசம். ஒரு காலத்துல காதாலயே கேட்டு அனுபவிச்ச நெசம். ஆனா அன்னைக்கு நான் சொன்னதுக்குக் காரணம் அது இல்ல, அதுதான் என்னைப் போட்டு அரிக்குது. எனக்கு இந்தச் சத்தம் பிடிச்சதா, இல்ல இந்தப் பலகை வேணுமா? முன்னால ரெண்டும் ஒண்ணா இருந்துச்சு. இப்ப பிரிச்சுச் சொல்லத் தெரியல.

பிறகு ரெண்டு வாரத்துக்கு முந்தி, சாமி அப்பத்த உயர்த்திக் காட்டுற எழுந்தேற்றம் நேரத்துல, கோயிலே முழந்தாளுல அமைதியா இருக்கும்போது, பெட்டி அடிக்குரல்ல கொரகொரன்னு சத்தம் போட்டுட்டு. அதுவும் எனக்கு ஆக்னஸ் முறைச்சதப் பாத்துத்தான் தெரியும். ஒரு வால்வு காலு அழுக்கு, தொடைச்சா சரியாப் போச்சு. ஆனா சாமி ஜெரால்டக் கூப்பிட்டு, அந்தப் பெட்டிய எடுத்துருன்னு சொல்லிட்டாரு. அவன் என்கிட்ட வந்து, "மாமா, இன்னைக்கு ஒரு நாள் ஒழுங்கா ஓடட்டும், கிறிஸ்மஸ் வரைக்கும் நான் சாமிகிட்டப் பேசிக்கிடுறேன். இன்னைக்கும் எதுனா ஆச்சுன்னா என்னால ஒண்ணும் முடியாது"ன்னான். இன்னைக்கு ஒரு நாள். இன்னைக்குப் பாத்து வயர் மாட்டினேனா இல்லையான்னு தெரியாம உக்காந்திருக்கேன். பெட்டி போனா நான் போனேன். ஜெரால்டோட டப்பா வரும், இயர்போன் வரும், ரெண்டாவது ஞாயிறே கண்டுபிடிச்சிருவாங்க. கஸ்பாருக்குக் காது கேக்காதாம்ல, பேஸ் வாசிக்கான் பாரு. எனக்கே அந்தச் சிரிப்பு கேக்கு. சரி, வாசிக்காம இருந்துருவோமா? காணிக்கைப் பாட்டுக்குக் கைய மடியில வச்சுட்டு உக்காந்திருந்தா, ஜெரால்டு பெட்டி செத்துட்டுன்னுதான் நினைப்பான். அவன்கிட்டயே கேட்டா? ஏல, வயர் மாட்டினதப் பாத்தியான்னு கேட்டா என்ன சொல்லுவான்? "ஆன் பண்ணிப் பாருங்க மாமா, உறுமுச்சுன்னா மாட்டியிருக்கு." அதைத்தான் சொல்லுவான். வேற யாரும் அதத்தான் சொல்லுவாங்க. அதுக்கு நான் என்னத்தச் சொல்ல.

இன்னொரு தடவ பாப்போம். பெட்டிய முக்காவாசி தள்ளினோம். குனிஞ்சேன். குனிஞ்சது நல்லாத் தெரியுது, பெட்டிப் பின்பக்கம் தூசி, ஒரு பல்லி முட்டை ஓடு கூடக் கெடந்துச்சு, வயர வலது கையில பிடிச்சிருந்தேன், செருகினேன். அப்பாடா. இல்ல, இரு, பல்லி முட்டை ஈஸ்டர் பாஸ்கா பூசைக்கு பெட்டி நகத்தினப்ப பாத்ததுல. அது போன ஏப்ரல். வயர வலது கையில பிடிச்சதும் அன்னைக்கா? முப்பத்திநாலு வருஷம், வருஷத்துக்கு அம்பது ஞாயிறு, திருநாளு, கல்யாணம், ஒரே வயரு, ஒரே ஓட்டை, ஒரே கை. எந்தக் கை இன்னைக்கு உள்ள கைன்னு எப்படிச் சொல்ல. ஹார்பர்ல இதே கதி ஒரு தடவ வந்துச்சு, நூத்திப் பதினெட்டாவது மூட்டைய எண்ணினேனா இல்லையான்னு ஒரு சந்தேகம், கிரேன நிறுத்தச் சொல்லிட்டு, முழுசையும் இறக்கி எண்ணச் சொன்னேன், லோடுமேன் பயலுவ என் குலத்தையே இழுத்து வஞ்சாங்க. ஆனா நிறுத்தினேன்ல. அன்னைக்கு நிறுத்த முடிஞ்சவனுக்கு இன்னைக்கு என்ன வந்துச்சு? இஞ்ஞாசி சாமி பிரசங்கத்துல யாரும் எழும்பக் கூடாது, எழும்பினா நிறுத்திட்டு அவங்க போயி உக்காருற வரைக்கும் பாப்பாரு, ஒரு தடவ வயித்துவலிக்காரனையே அப்படிப் பாத்திருக்காரு. அது ஒண்ணும் இல்ல, சாக்கு. சாமி பாத்தா என்ன, பாத்துட்டுப் போறாரு. எழும்பினா கேள்வி வரும், கேள்வி வந்தா பதில் சொல்லணும், அதுதான் பயம். பயமா இருக்கு, வேற என்ன. அறுபத்தொரு வயசுல ஒரு வயருக்குப் பயந்து வேர்த்து ஊத்துது, ஜெரால்டோட ஃபேன் வேற பெட்டிகிட்ட நின்னு சுத்துது, ஒரு பிரயோசனமும் இல்ல.

கைக்குட்டைய எடுத்துட்டாரு. நெத்தியத் தொடைச்சாருன்னா முடிக்கப் போறாருன்னு அர்த்தம். முடிச்சுட்டாரு. எல்லாரும் எழும்பி விசுவாச அறிக்கை சொல்றாங்க, எண்ணூறு பேரும் சொல்றதுல எனக்கு மேல மிதக்கிற பொம்பளைங்க குரல் மட்டும் கேக்கு. இதுதான் நேரம். பக்கவாட்டுல நாலு எட்டு வச்சு ஸ்டூலுகிட்டப் போயிட்டேன். வயர மெள்ள இழுத்துப் பாக்கேன். வரல. வரல, அப்ப மாட்டியிருக்கு, சேசுவே ஸ்தோத்திரம்னு மனசுக்குள்ள சொல்லி முடிக்கல, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவுல வயர் நசுங்கி நிக்கிறதப் பாத்தேன். நசுங்கினதும் வராது. மாட்டியிருந்தாலும் வராது, மாட்டாட்டியும் வராது. ஸ்டாண்ட்பைய எடுத்து விட்டேன். வால்வு நாலும் உள்ள செவப்பா எரியுது, சூடான தூசி வாசம் வருது, இஸ்திரி போடும்போது வர்ற வாசம். பெட்டி மேல உள்ளங்கைய வச்சேன். நடுங்குது. உறுமல்தான். இல்ல, பாழாப் போன ஃபேன் பெட்டியில சாஞ்சு நிக்கு, அது ஆட்டுற ஆட்டம் இது. ஃபேன நிறுத்தலாம்னா சுவிட்ச் அந்தப் பக்கம், ஜெரால்டு காலுகிட்ட. குதிங்கால அழுத்தி நின்னு பாத்தேன், பலகையிலயும் அதே ஃபேன்தான். கை பொய் சொல்லுது, காலும் பொய் சொல்லுது. இனிமே ஒரு காதுதான் வேணும், அது என்கிட்ட இல்ல.

மன்றாட்டு வாசிக்க ஆரம்பிச்சாச்சு. அஞ்சு மன்றாட்டு, அது முடிஞ்சா காணிக்கைப் பாட்டு, பாட்டு என் நோட்டுலதான் ஆரம்பிக்கும். எனக்கு ஒரு புத்தி வந்துச்சு. ஆக்னஸ்கிட்டக் கேட்டா என்ன? அவ பின் வரிசையில, ரெண்டு எட்டுலதான் நிக்கா. அவளுக்கு வால்வும் தெரியாது வயரும் தெரியாது, கேக்குதான்னா கேக்கும்பா, கேக்கலேன்னா கேக்கலேம்பா, விஷயம் முடிஞ்சுது. பின்னால சாஞ்சு, வாய மட்டும் அசைச்சு, "ஏட்டி, பெட்டியில உறுமல் கேக்குதா?"ன்னேன்.

அவ தலையச் சாச்சா. ஒரு மன்றாட்டு முழுசும் அப்படியே நின்னா. "இல்லையே"ன்னா. எனக்கு உசிரு வந்து உசிரு போச்சு. சரின்னு திரும்பினேன், அவ விடல, என் சட்டையப் பிடிச்சா. "எப்பவும் உறுமுமே. எத்தனை வருஷம் அது கூடக் குடும்பம் நடத்தியிருக்கேன். இன்னைக்கு உறுமலேன்னு எனக்கே தெரியுது. உங்களுக்குத் தெரியலையா?" வயரைப் பாக்கிற மாதிரி குனிஞ்சேன். "என்னங்க, உங்களத்தான். தெரியலையா?"

சொல்லிருவோமா, தொண்டை வலின்னு கையக் காட்டிருவோமா, ஃபேன் சத்தத்துல தெரியலேன்னு சொல்லிருவோமா. நல்ல பொய்யி, ஃபேன் சத்தம். வாய் வரைக்கும் வந்துட்டு. பொய் சொன்னா இந்த ஞாயிறு தப்பும், அடுத்த ஞாயிறு இன்னொரு பொய்யி, பொறவு இன்னொண்ணு. மூட்டை எண்ணிக்கை தப்பினா அடுத்தது எண்ண எண்ணத் தப்பிக்கிட்டேதான் போகும். எனக்கு அலுத்துப் போச்சு. "தெரியல. எனக்குக் கேக்காது ஆக்னஸ். அடிச்சத்தம் எதுவுமே கேக்காது. ரெண்டு வருஷமாச்சு"ன்னேன். மெள்ளத்தான் சொன்னேன்னு நினைச்சேன். எனக்கு என் குரல் எவ்வளவு சத்தம்னு தெரியாதுல்லா. முன் வரிசையில நாலஞ்சு தலை திரும்பிச்சு. கீபோர்டுல இருந்து ஜெரால்டு திரும்பினான்.

அவன் கீபோர்ட விட்டான். எழும்பி நேரா பெட்டிகிட்டப் போயி அந்தப் பக்கத்தப் பிடிச்சான், நான் இந்தப் பக்கம் பிடிச்சேன், இழுத்தோம். பலகையில அது கிரீச்சிட்டது பாருங்க, அது எனக்கே கேட்டுச்சு. மன்றாட்டு வாசிச்ச பிள்ளை வாசிப்ப நிறுத்திட்டா, இஞ்ஞாசி சாமி அங்க இருந்து பாக்காரு, எண்ணூறு பேரும் பாக்காங்க. வயர் தரையில கெடந்துச்சு. நான் முழந்தாள்படியிட்டு எடுத்து ஓட்டையில செருகினேன். நிமிர்ந்து ஜெரால்டப் பாத்தேன். அவன் தன் காதத் தொட்டுக் காட்டி, பிறகு தலைய ஆட்டினான், உறுமுது மாமான்னு. அவன் கண்ணு கலங்கியிருந்துச்சு. முட்டாப்பய, என்னைப் பாத்து அழுதான்.

பாட்டு ஆரம்பிச்சுது. கீழ் நரம்ப ஓங்கி அடிச்சேன், பெட்டி ஒரு மூச்சு வாங்கிட்டு எழும்புச்சு, பலகை ஏறி குதிங்காலுக்கு வந்துச்சு, தாடை வரைக்கும் வந்துச்சு. போகல, ஒண்ணும் போகல. ஆனா பின்னால பாட்டு முழுசா வரல. சோப்ரானோ வரிசையில ஒரு குரல் குறையுது, எனக்கு நல்லாக் கேக்கிற அந்த ஒரு குரல். திரும்பிப் பாக்கப் பயமா இருந்துச்சு. பாட்டு ரெண்டாவது அடிக்கு வந்ததும் அவ வரிசைய விட்டு இறங்கி வந்தா. எல்லாரும் பாக்க, என் பக்கத்துல வந்து, சேலைக் கரையக் கொஞ்சம் தூக்கிட்டு வெறுங்கால என் காலுகிட்டப் பலகையில அழுத்தி வச்சா. அப்படியே நின்னா, கண்ண மூடிட்டு. நான் வாசிச்சுட்டே இருந்தேன், ஒரு நோட்டு தப்பா விழுந்துச்சு, திருத்திக்கிட்டேன். ஜெரால்டு அவளை வரிசைக்குப் போகச் சொல்லிக் கண்ணக் காட்டினான், அவ கண்டுக்கிடல. மூணாவது அடியில கண்ணத் தொறந்தா.

"உங்களுக்குக் கேக்கிறது இது மட்டுந்தானா?"ன்னா.

"இதுவும் நீயுந்தான்"னேன்.

முந்தானையால மூக்கச் சிந்தினா. "ரெண்டு வருஷம். தனியா. என்கிட்டச் சொல்லாம. வீட்டுக்கு வாங்க, உங்களுக்கு இருக்கு"ன்னா.

ஒரு எழுத்து விடாமக் கேட்டுச்சு.